வேலைக்குக் கொடுத்த விலை: நோக்கியா மூடிய மூன்று ஆலைகள்

2008 ஜனவரி 15 அன்று, ஜெர்மனியின் போஹூம் நகரில் உள்ள தன் கைபேசி ஆலையை மூடப்போவதாக நோக்கியா அறிவித்தது. வேலை இழக்கப்போகிறவர்கள் 2,300 பேர். ஜெர்மனியில் செலவு கட்டுப்படியாகவில்லை, உற்பத்தியை ருமேனியாவுக்குக் கொண்டுபோகிறோம் என்று காரணம் சொன்னார்கள். ஒன்பது நாள் கழித்து அதே நிறுவனம் 2007-ம் ஆண்டுக்கான கணக்கை வெளியிட்டது. நிகர லாபம் 720 கோடி யூரோ.

ஜெர்மனி கொதித்துப்போனது. ஆயிரக்கணக்கானோர் போஹூம் வீதிகளில் திரண்டார்கள். ஆளுங்கூட்டணியின் மூத்த தலைவர்களில் ஒருவரான பீட்டர் ஸ்ட்ரூக் தன் நோக்கியா போனைக் கைவிடப்போவதாகச் சொன்னார். வேளாண் அமைச்சர் ஹோர்ஸ்ட் ஸீஹோஃபரும் அதையே செய்தார். மாநில முதல்வர் யூர்கன் ரூட்கர்ஸ் அந்த நிறுவனத்தை மானியத்தைத் தின்னும் வெட்டுக்கிளியோடு ஒப்பிட்டார். வெறும் ஆலை மூடலுக்கு இவ்வளவு கோபம் வராது. 1990-களில் அந்த ஆலைக்காக மாநில அரசு கொடுத்திருந்த பணம் சுமார் 6 கோடி யூரோ. ஆராய்ச்சிக்கென்று மத்திய அரசு தந்தது இன்னும் 2.8 கோடி. மக்கள் வரிப்பணத்தை வாங்கிக்கொண்டு, லாபமும் பார்த்துவிட்டு, ஊரைக் காலிசெய்கிறார்களே என்பதுதான் அவர்கள் ஆத்திரம்.

அந்த ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலைக்கு வயது இரண்டு. ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம். போஹூம் செய்தி நம் ஊரில் எங்கோ நடக்கும் விவகாரமாகக் கடந்துபோனது. ஏழு ஆண்டு நிறைவதற்குள், 2014 நவம்பர் 1 அன்று, ஸ்ரீபெரும்புதூரிலும் கைபேசி உற்பத்தி நின்றது. இடையில் ருமேனியாவிலும் மூடியாகிவிட்டது. மூன்று நாடுகள், மூன்று அரசுகள், ஒரே நிறுவனம். "வேலை கொடுக்கிறோம், சலுகை கொடுங்கள்" என்கிற வியாபாரம் உள்ளே எப்படி நடக்கிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. லாபத்தில் ஓடும் நிறுவனத்துக்கு அரசு எதற்குப் பணம் தர வேண்டும்? நொடித்துப்போன ஆலைக்குக் கைகொடுத்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் பெரிய சலுகைகளில் பெரும்பகுதி போய்ச் சேருவது வளமான நிறுவனங்களிடம்தான். காரணம் எளிது. நொடித்தவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. லாபம் பார்ப்பவன் எந்த ஊரிலும் ஆலை போடலாம், எந்த மாநிலத்தோடும் பேசலாம். அவன் பேரம் பேசும்போது எதிரே ஒரு அரசு மட்டும் இருப்பதில்லை. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், குஜராத் என்று வரிசை நிற்கிறது. மேசையின் இந்தப் பக்கத்தில் இருக்கும் அதிகாரிக்கு, அடுத்த மாநிலம் என்ன தருவதாகச் சொன்னது என்று தெரியாது. சலுகையே இல்லாவிட்டாலும் நிறுவனம் இங்கேதான் வரும் என்பது நிறுவனத்துக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

அந்த ரகசியத்தை அளந்து பார்க்க முயன்றவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் திமோத்தி பார்டிக். பல ஆய்வுகளைத் தொகுத்து அவர் சொன்ன முடிவு: சலுகை பெற்ற நிறுவனங்களில், சலுகையால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தவை நூற்றுக்கு 2 முதல் 25 வரைதான். மீதி முக்கால் பங்கோ அதற்கு மேலோ எப்படியும் வந்திருக்கும். நியூயார்க்கில் இதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். 25,000 வேலை தருவதாகச் சொன்ன அமேசானுக்கு 2018-ல் ஏறக்குறைய 300 கோடி டாலர் சலுகை ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் 2019 பிப்ரவரியில் அமேசான் விலகிக்கொண்டது. அதே நகரத்தில், அதே பருவத்தில், கூகுள் 100 கோடி டாலர் செலவில் புதிய வளாகம் அறிவித்தது, அப்படி ஒரு சலுகைத் தொகுப்பு கேட்காமலே. ஆட்கள் அங்கே இருந்தார்கள், அதனால் வந்தார்கள்.

கான்சஸ் நகரத்தின் கதை இன்னும் வேதனையானது. நகரின் நடுவே இரு மாநிலங்களின் எல்லை ஓடுகிறது. ஒரு பக்கத்து மாநிலம் சலுகை தந்து எதிர்ப்பக்கத்து அலுவலகத்தை இழுக்கும். மறு பக்கம் பதிலுக்கு இழுக்கும். ஊழியர் அதே வீட்டில்தான் இருப்பார், சில மைல் தள்ளி வேறு கட்டடத்துக்குப் போவார். அரசுக் கணக்கில் அது 'புதிய வேலை'. 2019-ல்தான் இரு மாநிலங்களும் இதை நிறுத்திக்கொள்ள ஒப்புக்கொண்டன.

சரி, போஹூமுக்கு வருவோம். அங்கே ஒரு விஷயம் நன்றாக இருந்தது. மானியத்தோடு எண் ஒன்றும் தேதி ஒன்றும் எழுதப்பட்டிருந்தன: 2,800-க்கும் மேற்பட்ட வேலைகள், 2006 செப்டம்பர் வரை. அந்த எண்ணைச் சில நூறு பேர் அளவுக்கு நோக்கியா எட்டவில்லை என்று மாநில அரசு சொன்னது. வட்டியோடு ஏறக்குறைய 6 கோடி யூரோவைத் திருப்பிக் கேட்டது. நோக்கியா தன் கடமையை முடித்துவிட்டதாக வாதிட்டது. கடைசியில் முழுத்தொகையும் திரும்பவில்லை. போஹூமில் புதிய வேலைகளை உருவாக்கும் திட்டம் ஒன்றுக்கு நோக்கியா 2 கோடி யூரோ தந்தது. தொழிலாளர்களுக்கு இழப்பீடாக 20 கோடி யூரோ ஒதுக்கியது. அது மானிய ஒப்பந்தத்தால் வந்ததல்ல, ஜெர்மன் தொழிலாளர் சட்டமும் தொழிற்சங்கமும் சேர்ந்து பெற்றது.

காகிதத்தில் எண் இருந்ததால் அரசால் கேட்க முடிந்தது. தேதி 2006-ல் முடிந்ததால் நோக்கியாவால் 2008-ல் போக முடிந்தது. இரண்டும் ஒரே ஒப்பந்தத்தின் வேலை. ஐரோப்பிய ஒன்றிய விதிகள் பின்தங்கிய பகுதிகளுக்கான உதவியில் ஒரு குறைந்தபட்சத்தை வைத்திருக்கின்றன: உதவி பெற்ற முதலீட்டைப் பெரிய நிறுவனம் ஐந்து ஆண்டாவது அதே பகுதியில் வைத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டு போதுமா என்று விவாதிக்கலாம். ஆனால் இப்படி ஒரு விதி இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்த விதியாக இருக்கிறது.

ருமேனியாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. க்ளூஜ் நகரத்துக்கு அருகே யூகு என்ற ஊரில் அரசுப் பணத்தில் தொழிற்பூங்கா அமைத்து, சாலையும் வசதிகளும் போட்டுக் கொடுத்தார்கள். 2008-ல் ஆலை திறந்தது. 2011 செப்டம்பரில் மூடும் அறிவிப்பு வந்துவிட்டது. சுமார் 2,200 பேர் வெளியே. ஆசியாவில் செய்வது இன்னும் லாபம் என்றார்கள். போஹூமில் சொன்ன காரணத்தையே, நாட்டை மட்டும் மாற்றி.

அந்த ஆசியாவில் நாமும் இருந்தோம். 2005 ஏப்ரலில் ஜெயலலிதா அரசோடு நோக்கியா புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் 200 ஏக்கருக்கு மேல் நீண்டகாலக் குத்தகை. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்பதால் சுங்கவரி இல்லை; ஏற்றுமதி லாபத்துக்கு முதல் ஐந்து ஆண்டு முழு வருமான வரி விலக்கு, அடுத்த ஐந்து ஆண்டு பாதி. இவை மத்திய அரசு தந்தவை. மாநிலம் தன் பங்குக்குத் தந்ததில் கனமானது விற்பனை வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். உள்நாட்டில் ஒரு போன் விற்கிறது. வாங்குகிறவர் விலையோடு வரியும் கட்டுகிறார். வரி கருவூலத்துக்குப் போகிறது. கருவூலம் அதை நிறுவனத்துக்குத் திருப்பித் தருகிறது. போன் வாங்கியவருக்கு இது தெரியாது. அவர் அரசுக்கு வரி கட்டியதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். இப்படிப் பல நூறு கோடி ரூபாய் சில ஆண்டுகளிலேயே நிறுவனத்துக்குப் போனது. பட்ஜெட்டில் இலவச மிக்சிக்கு ஒரு வரி இருக்கும், முதியோர் உதவித்தொகைக்கு ஒரு வரி இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு தொலைக்காட்சியில் ஒரு வாரம் சண்டை போடுவோம். வசூலித்துத் திருப்பித் தந்த வரிக்கு அப்படி ஒரு சண்டை நடந்ததே இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். திருப்பித் தரும் தொகை எதைப் பொறுத்தது? எத்தனை போன் விற்றது என்பதை. எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்பதையோ, அவர்களில் எத்தனை பேர் நிரந்தரம் என்பதையோ, எத்தனை ஆண்டு இருந்தார்கள் என்பதையோ பொறுத்தது அல்ல. மேடையில் பேசியது வேலையைப் பற்றி. பணத்தை அளந்தது விற்பனையை வைத்து. இந்த இடைவெளிதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

வேலை வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வந்தது. 2006-ன் தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்து, சில ஆண்டுகளில் நோக்கியாவின் உலகின் மிகப்பெரிய ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. உச்சத்தில் உள்ளே 8,000 பேர் வரை இருந்தார்கள். ஃபாக்ஸ்கான், சால்காம்ப் போன்ற உதிரிபாக நிறுவனங்கள் பக்கத்திலேயே வந்தன; அங்கேயும் ஆயிரக்கணக்கில் ஆட்கள். பெரும்பாலோர் பிளஸ் டூ முடித்த இளம்பெண்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலிருந்து விடிவதற்கு முன்னே கம்பெனி பஸ் ஏறி முதல் ஷிப்டுக்கு வந்தவர்கள். தம்பி படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் அந்தச் சம்பளம் போனது. கல்யாணத்தை இரண்டு வருஷம் தள்ளிப்போடும் தைரியத்தையும் அது தந்தது. அதைச் சிறுமைப்படுத்தி எழுத எனக்கு மனம் வராது. அதே சமயம் அவர்களில் பலர் டிரெய்னி, அப்ரென்டிஸ், கான்ட்ராக்ட் என்ற பெயர்களில்தான் லைனில் நின்றார்கள். 2009, 2010-ல் நடந்த வேலைநிறுத்தங்களில் சம்பளத்தோடு இதுவும் பிரச்சினையாக இருந்தது.

முடிவு வந்த விதம் சிக்கலானது. ஒரு பக்கம் ஐபோனும் ஆண்ட்ராய்டும் நோக்கியாவின் சந்தையைத் தின்றுவிட்டன. இன்னொரு பக்கம் வரி வழக்கு. மென்பொருளுக்காக ஃபின்லாந்து தலைமை நிறுவனத்துக்குக் கட்டிய தொகையில் வரி பிடிக்கவில்லை என்று வருமான வரித்துறை 2013-ல் சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. ஏற்றுமதி என்று காட்டிய போன்களில் உள்நாட்டில் விற்றவையும் உண்டு என்று சொல்லித் தமிழக வணிகவரித்துறை 2014-ல் சுமார் 2,400 கோடி கேட்டது. நோக்கியா இரண்டையும் மறுத்தது. இதற்குள் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. ஆலையை மாற்றித் தருவதென்றால் 3,500 கோடிக்கு உத்தரவாதம் கொடு என்றது உச்ச நீதிமன்றம். கொடுக்கவில்லை. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் பழைய நோக்கியாவிடம் தங்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட்டுக்குப் போன் செய்து கொடுக்கும் ஆலையாகச் சில மாதம் ஓடியது. மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியதும் கதை முடிந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு முன்பே விஆர்எஸ் வாங்கிப் போயிருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஃபாக்ஸ்கானும் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியை நிறுத்தியது.

ஆலையை மூடியதற்கு வரித்துறைதான் காரணம் என்பவர்கள் உண்டு. சந்தை போனதுதான் என்பவர்களும் உண்டு. என் கணிப்பில் இரண்டாவதற்கே எடை அதிகம். அதே 2014-ல் மைக்ரோசாஃப்ட் வரிச்சிக்கல் எதுவும் இல்லாத ஹங்கேரி கோமாரோம் ஆலையையும் மூடுவதாக அறிவித்தது. ஆனால் யார் சொல்வது சரி என்பதைவிட எனக்கு உறைப்பது வேறு. வரி பாக்கி என்று அரசு நீதிமன்றம் போக முடிந்தது. வேலை பாக்கி என்று சொல்லிப் போக அதனிடம் காகிதம் இல்லை. இருபதுகளின் நடுவில், ஏழெட்டு வருஷம் லைனில் நின்ற அனுபவத்தோடு வீட்டுக்குத் திரும்பிய பெண்களுக்கு அடுத்த கம்பெனி வைத்த கேள்வி வயது என்ன என்பதுதான். பதினெட்டு, பத்தொன்பது வயதில் புதிதாக வருகிறவர்களே அவர்களுக்கு வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் கதவை மூடி மூன்று ஆண்டுகூட ஆகாத நிலையில், 2017 ஜூலையில், ஃபாக்ஸ்கானின் தலைவர் டெர்ரி கோ அமெரிக்க வெள்ளை மாளிகையில் ட்ரம்ப் பக்கத்தில் நின்றார். விஸ்கான்சின் மாநிலத்தில் 1,000 கோடி டாலரில் எல்சிடி திரைகள் செய்யும் ஆலை, 13,000 வேலை. பதிலுக்கு மாநிலம் தருவது 300 கோடி டாலர் வரை. வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு 2.3 லட்சம் டாலர். வாக்களித்த சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு 54,000 டாலரைக்கூட எட்டவில்லை. போட்ட பணம் வரியாகத் திரும்ப 2042-43 வரை ஆகும் என்று மாநிலச் சட்டமன்றத்தின் நிதி அலுவலகமே கணக்குச் சொன்னது. இதை 'உலகின் எட்டாவது அதிசயம்' என்று ட்ரம்ப் புகழ்ந்தார்.

அதிசயம் நடக்கவில்லை. பெரிய திரை ஆலை சிறிய திரை ஆலையாகச் சுருங்கியது, பிறகு அதுவும் எழவில்லை. ஆனால் விஸ்கான்சின் ஒப்பந்தத்தில் ஒன்று சரியாக இருந்தது. வேலைக்கான சலுகையைக் கொடுத்த சம்பளத்தில் 17 சதவீதம் என்று வைத்து, ஆண்டுதோறும் இத்தனை பேர் என்று குறைந்தபட்ச எண்ணும் போட்டிருந்தார்கள். முதல் ஆண்டுக்கு 260 பேர் வேண்டும். ஃபாக்ஸ்கான் காட்டியது 178. பணம் தரவில்லை. அடுத்த ஆண்டும் எண் எட்டவில்லை, அப்போதும் தரவில்லை. 2021-ல் புதிய ஒப்பந்தம் போட்டார்கள்: 1,454 வேலை, 8 கோடி டாலர் சலுகை. 300 கோடி எங்கே, 8 கோடி எங்கே.

மாநிலம் தப்பித்தது. மவுண்ட் பிளசன்ட் தப்பவில்லை. ஆலை வரவிருந்த அந்தச் சிற்றூர் ஆலையை நம்பிக் கடன் வாங்கி நிலம் வாங்கியது, குழாய் பதித்தது, சாலை போட்டது. அதற்காகப் பல குடும்பங்கள் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போயின. முன்கூட்டிச் செலவான பணத்தை எந்த நிபந்தனையும் திருப்பிக் கொண்டுவராது. பின்னால் அந்த நிலத்தில் மைக்ரோசாஃப்ட் தரவு மையம் கட்ட வந்ததால் ஊர் மூச்சுவிட்டது. இடித்த வீடுகள் வரவில்லை.

இதை வைத்து இன்றைய நம் திட்டங்களைப் பார்க்கலாம். 2020-ல் கைபேசி உற்பத்திக்காக மத்திய அரசு கொண்டுவந்த ஊக்கத்தொகைத் திட்டத்தின் ஒதுக்கீடு 40,951 கோடி ரூபாய். கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 சதவீதம் நிறுவனத்துக்கு. தகுதி பெற முதலீட்டு இலக்கும் விற்பனை இலக்கும் உண்டு. வேலைகளின் எண்ணிக்கை மதிப்பீட்டில் வரும், பணம் தருவதற்கான நிபந்தனையில் வராது. நோக்கியா காலத்து அளவுகோல்தான், இன்னும் பெரிய தொகையோடு. இன்று ஃபாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் செய்கிறது, பல்லாயிரம் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். பழைய நோக்கியா வளாகத்தை சால்காம்ப் எடுத்து 2020-லிருந்து நடத்துகிறது. உற்பத்தி வளர்ந்தது உண்மை, ஏற்றுமதி வளர்ந்தது உண்மை. அந்தப் பெண்களில் எத்தனை பேர் கம்பெனியின் சொந்த ஊழியர்கள், எத்தனை பேர் ஏஜென்சி வழியாக வந்தவர்கள் என்பதை ஊக்கத்தொகைக் கணக்கு கேட்பதில்லை.

குஜராத்தின் சானந்தில் மைக்ரான் நிறுவனத்தின் சிப் ஆலைக்கு மொத்த முதலீடு 275 கோடி டாலர். அதில் 50 சதவீதம் மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு. நேரடி வேலை 5,000. ஒரு வேலைக்குச் சுமார் 3.2 கோடி ரூபாய் ஆகிறதே, இது சரியா என்று 2024 ஜூனில் கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, மத்திய அமைச்சர் குமாரசாமி. பிறகு விளக்கம் கொடுத்துப் பின்வாங்கினார். அவர் கேட்டது தவறான கேள்வி அல்ல என்றே நினைக்கிறேன். சிப் தொழிலுக்கு நாட்டின் பாதுகாப்பு, தொழில்நுட்பம் என்று வேறு காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்களைச் சொல்லிக் கொடுக்கட்டும். வேலைக்காகக் கொடுத்ததாக எழுத வேண்டாம்.

2025-ல் அறிவித்த வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டம் கொஞ்சம் வேறு மாதிரி. ஒதுக்கீடு 99,446 கோடி ரூபாய். புதிதாக எடுக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 3,000 ரூபாய் வரை நிறுவனத்துக்குக் கிடைக்கும். அவர் ஆறு மாதமாவது வேலையில் நிலைத்திருக்க வேண்டும். விற்பனையை விட்டு ஆளை எண்ணுகிறார்கள், அது முன்னேற்றம். ஆறு மாதம் என்பது குறைவு. ஆள் மாற்றி ஆள் எடுத்தே பழகிய தொழிலில் அது இன்னும் குறைவு.

வல்லம் வடகாலில் 2024-ல் சிப்காட் திறந்த பெண்கள் விடுதியையும் சொல்ல வேண்டும். 706 கோடி ரூபாய், 18,720 படுக்கைகள். இதுவும் ஒரு வகையில் நிறுவனத்துக்கான உதவிதான். ஆனால் கட்டடம் அரசுடையது. நாளை ஒரு கம்பெனி போனாலும் அடுத்த கம்பெனியின் தொழிலாளி அங்கே தங்கலாம். பாலிடெக்னிக், பஸ் வழித்தடம், குடிநீர் எல்லாம் இந்த ரகம். ஒரே கம்பெனிக்கென்று அளவெடுத்துக் கட்டாமல் இருந்தால் இந்தச் செலவு நம்மிடமே நிற்கும். நோக்கியா போன பிறகு மிஞ்சியதும் இதுதான்: சாலை, மின்சாரம், துறைமுகத்துக்கு வழி, போன் கட்டத் தெரிந்த கைகள். ஐபோன் இங்கே வந்ததில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

கைபேசி ஊக்கத்தொகைத் திட்டத்தின் காலம் 2025-26 நிதியாண்டோடு முடிவதாக வகுக்கப்பட்டது. அதன் இடத்தில் வரும் எந்தத் திட்டத்திலும், மாநிலம் தனியே போடும் ஒப்பந்தங்களிலும், மூன்று வரிகள் இருக்கிறதா என்று பாருங்கள். பிஎஃப் கணக்கில் நிறுவனத்தின் சொந்தப் பெயரில் இத்தனை பேர். இத்தனை ஆண்டு வரை. குறைந்தால் இத்தனை சதவீதம் திரும்ப வர வேண்டும். சட்டமன்றத்தில் உறுப்பினர் கேட்டால் அந்தக் காகிதம் முழுதாக மேசைக்கு வர வேண்டும், வர்த்தக ரகசியம் என்று பாதியைக் கறுப்பு மையில் மறைக்காமல்.